மின்சார ஜீப்பில் கோளாறா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் குடும்பத்துக்கு ஏற்ற மின்சார ஜீப்புகள் கூடிக்கொண்டே வருகின்றன. வீட்டு வயரிங்கும் வாகன மின்வேலையும் செய்கிறவன் என்பதால் முறைப்பாடுகளும் என்னிடம் வருகின்றன. பெரும்பாலும் ஒரே முறைப்பாடுகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் பெரும்பங்கு வாகனத்துக்குள் இல்லை. ஒன்று வீட்டுச் சுவரில் இருக்கும், இல்லையென்றால் விவரத்தாளில் உள்ள ஓர் எண்ணைப் பிழையாக விளங்கிக்கொண்டதில் இருக்கும். அதனால் கம்பனிக்கு ஏற்றி அனுப்புவதற்கு முன்னால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில் வருகிறது.

தொடங்குவதற்கு முன் வாகனத்தின் விவரத்தாளை எடுத்து ஐந்து விஷயங்களை ஒரு துண்டில் எழுதி வாகனத்திலேயே வையுங்கள்: பற்றரியின் கொள்ளளவு எத்தனை யூனிட், வீட்டுக் கரண்டில் ஆகக்கூடியது எத்தனை கிலோவாட் ஏற்றும், வேக சார்ஜில் எத்தனை கிலோவாட், சார்ஜ் வாய் எந்த வகை, பற்றரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேற்று) வகையா என்எம்சி (நிக்கல், மங்கனீசு, கோபால்ட்) வகையா. கிலோவாட் மணி என்று தாளில் இருப்பதும் மின்சார சபை பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றுதான். இந்த ஐந்தும் கையில் இருந்தால் பாதிச் சோதனை முடிந்த மாதிரி.

ஒரு கண்டிப்பு: செம்மஞ்சள் நிற உறை போட்ட தடித்த கேபிள்களை எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம். அவற்றில் ஓடுவது பல நூறு வோல்ட் நேர்மின்னோட்டம். இங்கே சொல்லப்படும் சோதனை எதற்கும் அவற்றைத் தொட வேண்டிய தேவை இல்லை.

## அறிகுறி: சொன்ன தூரம் ஓடவில்லை

"தம்பி, 480 கிலோமீற்றர் ஓடும் எண்டுதானே தந்தாங்க, இப்ப கொழும்புக்குப் போய்ச் சேரவே பயமா இருக்கு." அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த எண் எந்தச் சோதனையின் எண் என்பது. பிவைடி அட்டோ 3 ஐ எடுத்துக்கொள்வோம். 60.48 யூனிட் பற்றரி உள்ள அதே வாகனத்துக்கு ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனையில் 420 கிலோமீற்றர். பழைய என்இடிசி சோதனையில் 480. இந்தியாவின் ஏஆர்ஏஐ சோதனையில் 521. வாகனமும் பற்றரியும் ஒன்று, எண்கள் மூன்று. 521 கிலோமீற்றர் ஓட வேண்டுமென்றால் 100 கிலோமீற்றருக்கு 11.6 யூனிட்டுக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். 1,750 கிலோ எடையுள்ள வாகனத்தில் குடும்பத்தை ஏற்றி, ஏசியும் போட்டுக்கொண்டு அது நடக்காது. உங்கள் தாளில் டபிள்யூஎல்டிபி எண் இருந்தால் அதை மட்டும் பாருங்கள், அதிலும் ஆறில் ஒரு பங்கைக் கழித்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

அடுத்தது, உங்கள் சொந்தச் செலவு எவ்வளவு. ட்ரிப் மீற்றரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து கல்லடியிலிருந்து கல்முனைக்குப் போய் வாருங்கள், ஏறக்குறைய 80 கிலோமீற்றர். திரையில் 100 கிலோமீற்றருக்கு எத்தனை யூனிட் என்று வரும். 15 இலிருந்து 18 வரை வந்தால் வாகனம் நலமாக இருக்கிறது. 17 என்று வைத்தாலும் 60 யூனிட் பற்றரிக்கு 350 கிலோமீற்றர் அளவில்தான் வரும். பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரே சார்ஜில் போய்ச் சேரலாம், ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வழியில் ஒருமுறை ஏற்றுவதாகவே கணக்குப் போடுங்கள்.

18 ஐத் தாண்டினால் காரணம் தேடலாம்.

டயர் காற்று: ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அடியுங்கள். கண்ணால் பார்த்துச் சரி என்று விட வேண்டாம்.

ஏசி: நம் வெயிலில் ஏசி ஒன்று, ஒன்றரைக் கிலோவாட் சும்மா இழுக்கும். 60 இல் ஓடும்போது அது 100 கிலோமீற்றருக்கு இரண்டரை யூனிட். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடைத்தெரு நெரிசலில் 30 இல் ஊர்ந்தால் அதே ஏசி ஐந்து யூனிட் தின்னும். மெதுவாகப் போனால் மிச்சம் என்ற கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. ஏசியை நிறுத்தச் சொல்லவில்லை. வெயிலில் நிறுத்திய வாகனத்தை வீட்டு பிளக்கில் இருக்கும்போதே குளிராக்கிவிட்டுப் புறப்படுங்கள், பற்றரியிலிருந்து போவது குறையும்.

கூரைக் கம்பியில் சாமான், மலையேற்றம்: செங்கலடி வழியாகப் பதுளைக்கு ஏறினால் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர். ஆட்களோடு இரண்டு தொன்னை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கவே நாலு யூனிட்டுக்கு மேல் போகும். நுவரெலியா 1,868 மீற்றர், அதற்குப் பன்னிரண்டு யூனிட் ஒதுக்குங்கள். இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்பி வரும், ஆகவே ஏறும் வழியில் எண் விழுவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இவை எல்லாம் சரி, இன்னும் தூரம் குறைகிறதா? பற்றரியை அளந்து பாருங்கள். 20 சதவீதத்தில் தொடங்கி 100 வரை ஒரே தடவையில் வீட்டில் ஏற்றுங்கள். சார்ஜரின் மீற்றரில், இல்லையென்றால் வீட்டு மீற்றரில், முன்னும் பின்னும் எண்ணைக் குறியுங்கள். 60.48 யூனிட் பற்றரிக்கு 80 சதவீதம் என்பது 48.4 யூனிட். ஏற்றும்போது பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வீணாகும் என்பதால் மீற்றரில் 53 இலிருந்து 56 வரை வர வேண்டும். வீட்டு மீற்றரில் பார்ப்பதானால் மற்றப் பாவனையைக் கழிக்க மறக்க வேண்டாம். 45 க்குக் கீழே நின்றுவிட்டால் பற்றரி குறைந்திருக்கிறது, அல்லது சதவீதக் கணக்கு பிழைத்திருக்கிறது. பின்னதைச் சரிசெய்யும் வழி கீழே இருக்கிறது. அதைச் செய்தும் மாறவில்லை என்றால் எழுதிய எண்களோடு கம்பனிக்குப் போங்கள். பல நிறுவனங்கள் 8 ஆண்டுக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்கின்றன. வெளியாள் மூலம் பாவித்த வாகனமாக வந்ததென்றால் அந்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி: சதவீதம் திடீரென்று விழுகிறது

30 இல் இருந்தது ஒரு திருப்பத்தில் 22 ஆகிவிட்டது என்பார்கள். எல்எஃப்பி பற்றரிகளில் இது வரும். நடுப்பகுதி முழுக்க அந்தப் பற்றரியின் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால் எவ்வளவு மிச்சம் என்று கணிப்பது வாகனத்துக்கே கஷ்டம். முழுக்க நிரம்பும்போதுதான் கணக்கைத் திருத்திக்கொள்ளும். எப்போதும் 80 இல் நிறுத்திப் பழகியவர்களின் வாகனத்தில்தான் இந்தக் குழப்பம் கூட.

கிழமைக்கு ஒருமுறை 100 வரை, சார்ஜ் தானாக நிற்கும் வரை ஏற்றுங்கள். இரண்டு மூன்று தடவையில் சரியாகிவிடும். என்எம்சி பற்றரி என்றால் இந்தப் பழக்கம் வேண்டாம், அதற்கு அன்றாடம் 80 போதும். எல்எஃப்பி யில் மூன்று தடவை நிரப்பிய பிறகும் சதவீதம் துள்ளினால் உள்ளே ஏதோ ஒரு செல் பின்தங்குகிறது. அது ஸ்கேன் கருவி உள்ளவரின் வேலை.

## அறிகுறி: வீட்டில் சொருகினால் சார்ஜ் தொடங்கவே இல்லை

சார்ஜரில் விளக்கே எரியவில்லை. அந்த பிளக்கில் கரண்ட் இருக்கிறதா என்று போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். இல்லையென்றால் பிரேக்கர். இருந்தால் சார்ஜரின் பியூஸ்.

விளக்கு பச்சை, வாகனம் மட்டும் ஏற்றவில்லை. நேர அட்டவணை போட்டிருக்கிறதா என்று திரையில் பாருங்கள். இரவு 10.30 க்குப் பிறகு ஏற்றும்படி வாங்கிய அன்று யாரோ அமைத்திருப்பார்கள், வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. கியர் பார்க்கில் இருக்கிறதா, பிளக் முழுக்க உள்ளே போய்ப் பூட்டியிருக்கிறதா. அப்புறம் வாகனத்தின் சார்ஜ் வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் மணலும், மரத்தடியில் நிற்கும் வாகனங்களில் எறும்புக் கூடும் உள்ளே இருக்கும். பிளக்கைக் கழற்றிய நிலையில் காய்ந்த மெல்லிய தூரிகையால் மட்டும் துடையுங்கள். தண்ணீர், எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்.

விளக்கு சிவப்பு, அல்லது எர்த் கோளாறு என்று எழுத்து வருகிறது. நம் பக்கத்தில் இதுதான் பெரிய விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் வீடுகளுக்குப் பாதுகாப்புத் தருவது அந்த வீட்டுக்கென்று நிலத்தில் அடித்த எர்த் கம்பி. கல்லடி, நாவலடி, மருதமுனை, நிந்தவூர்க் கரையோரம் முழுக்க மணல். மாரியில் மணல் ஈரமாக இருக்கும்வரை அந்தக் கம்பி வேலை செய்யும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கி ஜூலை, ஓகஸ்ட் ஆகும்போது மேல்மணல் காய்ந்து கம்பிக்கும் நிலத்துக்கும் தொடர்பு அறுந்த மாதிரி ஆகிவிடும். பிரிட்ஜுக்கும் ரிவிக்கும் அது தெரியாது, அவை எர்த் இல்லாமலே ஓடும். கார் சார்ஜர் ஒவ்வொரு தடவையும் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் கரண்ட் தரும். சார்ஜர் பழுதாகிவிட்டது என்று புதிதாக வாங்கினால் அதுவும் அதே சிவப்பைத்தான் காட்டும்.

எளிய சோதனை: மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எர்த் குழியில் இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மெயினைப் போட்டுச் சார்ஜ் போடுங்கள். தொடங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. நாளாந்தம் தண்ணீர் ஊற்றுவது தீர்வாகாது. எலெக்ட்ரீஷியனைக் கொண்டு நீளமான கம்பியை ஈரம் நிற்கும் ஆழத்துக்கு அடிக்க வேண்டும். ஒன்று போதவில்லை என்றால் தள்ளி இன்னொன்றை அடித்து இரண்டையும் இணைக்க வேண்டும். முடிந்ததும் எர்த் மீற்றர் வைத்து அளந்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். இணைப்பு மூட்டும் உப்புக் காற்றில் பச்சை பிடித்து அரித்திருக்கும், அதையும் புதிதாக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றியும் சிவப்பா? மூன்று விளக்குள்ள சொக்கெட் டெஸ்டரை அந்த பிளக் பேஸில் சொருகுங்கள். லைனும் நியூட்ரலும் மாறியிருந்தால் காட்டிவிடும். பழைய வீடுகளில் இது சாதாரணம், மற்ற எல்லாம் வேலை செய்வதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இதுவும் சரி என்றால் வேறொரு வீட்டில் அதே சார்ஜரால் ஏற்றிப் பாருங்கள். அங்கே ஏற்றினால் பிழை உங்கள் வீட்டில். அங்கும் மறுத்தால் வேறு சார்ஜரால் முயலுங்கள். அதுவும் இல்லையென்றால்தான் வாகனத்தின் உள்சார்ஜர், அப்போது கம்பனியைக் கூப்பிடுங்கள்.

பகலில் மட்டும், அல்லது மாலையில் மட்டும் நின்றுவிடுகிறது. நம் மின்சாரம் 230 வோல்ட், கூடக் குறைய 6 சதவீதம், அதாவது 216 இலிருந்து 244 வரை இருக்க வேண்டும். லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை 6.30 இலிருந்து 10.30 வரை வோல்டேஜ் இறங்கிவிடும். கூரைகளில் சோலார் நிறைந்த ஒழுங்கைகளில் நண்பகலில் ஏறிவிடும். மல்டிமீற்றரால் அந்த நேரத்தில் அளந்து எழுதுங்கள். எல்லைக்கு வெளியே போனால் எழுதிய நேரத்தையும் எண்ணையும் சொல்லி மின்சார சபையின் 1987 க்கு முறைப்பாடு பதியுங்கள். அதுவரை இரவு 10.30 க்குப் பிறகு ஏற்றுங்கள்.

## அறிகுறி: சார்ஜ் போட்டதும் சுவிட்ச் விழுகிறது

எந்தச் சுவிட்ச் விழுந்தது என்று பார்க்காமல் யாருக்கும் போன் எடுக்க வேண்டாம். விழுந்த சுவிட்சைப் பொறுத்து வழி பிரியும்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. 30 மில்லிஅம்பியர் கசிந்தால் அது விழும். பழைய பிரிட்ஜ், கிணற்று மோட்டர், நனைந்த வெளி விளக்கு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கசியவிடும், கார் சார்ஜரின் இயல்பான கசிவும் சேரும்போது கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டிவிடும். மற்ற பிரேக்கர் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுச் சார்ஜரை மட்டும் போடுங்கள். சுவிட்ச் விழாமல் நின்றால் மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதை ஏற்றும்போது விழுகிறதோ அதுதான் ஆள். என் அனுபவத்தில் பெரும்பாலும் கிணற்று மோட்டர்.

சார்ஜர் தனியாக இருந்தும் விழுகிறதென்றால் வேறு வீட்டில் முயலுங்கள். அங்கும் விழுந்தால் வாகனத்தில் காப்புக் குறைந்திருக்கிறது. அதோடு நிறுத்திக் கம்பனியைக் கூப்பிட வேண்டும். ட்ரிப் சுவிட்சைச் சுற்றி வயர் போட்டு "இப்ப விழாது" என்று செய்து தருகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். பிள்ளைகள் ஈரக் கையோடு தொடும் வாகனம் அது.

சார்ஜருக்குத் தனி லைன், தனி ட்ரிப் சுவிட்ச் போடுவதுதான் நிரந்தர வழி. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏசி வகை ட்ரிப் சுவிட்ச் (மாற்றுமின் கசிவை மட்டும் பார்ப்பது) போதாது. காரிலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் அந்த வகை மரத்துப்போய் விழ வேண்டிய நேரத்தில் விழாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஅம்பியர் நேர்மின் கசிவுக் காவல் இருந்தால் ஏ வகை, இல்லையென்றால் பி வகை. சார்ஜரின் தாளில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மெயின் பிரேக்கர் விழுந்தால் சுமை கூடிவிட்டது. 7 கிலோவாட் சார்ஜர் 32 அம்பியர் வரை இழுக்கும். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ள இணைப்பு ஒற்றைக் கட்டம், 30 அம்பியர். கார் ஒன்றே அதைத் தாண்டுகிறது, பிறகு அயன்பொக்ஸுக்கு எங்கே இடம்? வாகனத் திரையிலோ சார்ஜரிலோ அம்பியரைக் குறைக்கும் இடம் இருக்கும், 16 ஆக்குங்கள். செலவே இல்லாத தீர்வு இது, பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். இரவு 10.30 இலிருந்து காலை 5.30 வரை 16 அம்பியரில் ஏற்றினால் இருபத்திரண்டு யூனிட் அளவு உள்ளே போகும், அது 120 கிலோமீற்றருக்கு மேல். அதற்கு மேல் அன்றாடம் ஓடுகிறவர்கள் மட்டும் மின்சார சபையில் மூன்று கட்ட இணைப்புக்கு விண்ணப்பித்தால் சரி.

## அறிகுறி: பிளக் சுடுகிறது, உருகிய வாடை வருகிறது

உடனே நிறுத்துங்கள். முதலில் வாகனத் திரையில் சார்ஜை நிறுத்தி, பிரேக்கரை இறக்கி, பிறகு பிளக்கை எடுக்க வேண்டும்.

13 அம்பியர் பிளக் பேஸ் அயன்பொக்ஸுக்கும் கேத்திலுக்கும் செய்யப்பட்டது. பத்து அம்பியரைப் பத்து மணித்தியாலம் தொடர்ந்து தாங்க மலிவான பேஸால் முடியாது. உள்ளே இறுக்காத ஒரு திருகாணி போதும், அந்த இடம் கொதிக்கும். கழற்றிப் பார்த்தால் லைன் முனையின் பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் தேயிலைச் சாய நிறத்துக்கு மாறி, வயரின் உறை ஒரு விரலளவு சுருங்கியிருக்கும். அந்த பேஸை மட்டும் மாற்றினால் போதாது, நிறம் மாறிய வயரையும் வெட்டிப் புதிதாக இணைக்க வேண்டும்.

நீட்டிப்பு வயர் வேண்டவே வேண்டாம், எவ்வளவு தடிப்பாக இருந்தாலும். சுருட்டி வைத்த நீட்டிப்பு வயர் எரிந்துவிடும்.

தனி லைன் இழுப்பதானால் 32 அம்பியருக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர், கடையில் 7/1.04 என்று கேளுங்கள். போர்டிலிருந்து போர்ட்டிகோ தூரமென்றால் 10 சதுர மில்லிமீற்றருக்குப் போக வேண்டும். இதைச் சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், பக்கத்து வீட்டில் ஃபேன் மாட்டியவர் அல்ல.

## அறிகுறி: சார்ஜ் ஏறுகிறது, ஆனால் ஊர்ந்து ஏறுகிறது

வீட்டில் என்றால் கணக்குப் பாருங்கள். சாதாரண பிளக்கில் 10 அம்பியர் என்றால் 2.3 கிலோவாட், பற்றரிக்குள் போவது இரண்டு. 60 யூனிட் பற்றரியை 20 இலிருந்து 80 க்குக் கொண்டுவர 36 யூனிட் வேண்டும், ஆகவே பதினெட்டு மணித்தியாலம். இது கோளாறு இல்லை. சுவர்ச் சார்ஜரில் 7 கிலோவாட் என்றால் அதே வேலை ஆறு மணித்தியாலத்தில் முடியும். ஹோட்டல்களில் 22 கிலோவாட் என்று எழுதிய மாற்றுமின் கம்பத்தில் போட்டும் 7 தான் ஏறுகிறதென்றால் உங்கள் வாகனத்தின் உள்சார்ஜர் அவ்வளவுதான் எடுக்கும், தாளில் பாருங்கள்.

வேக சார்ஜில் என்றால் தாளில் உள்ளது உச்ச எண். அட்டோ 3 க்கு 88 கிலோவாட் என்றால் நல்ல நிலைமையில் அது தொடுகிற ஆகக்கூடிய அளவு, தொடக்கம் முதல் கடைசி வரை அல்ல. 80 சதவீதத்துக்கு மேல் எந்த வாகனமும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மற்ற வாகனம் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தால் இயந்திரம் பங்கு போடும். இயந்திரமே 50 கிலோவாட் உள்ளதாக இருக்கலாம். வெயிலில் நீண்ட தூரம் ஓடி வந்த சூட்டிலும் குறையும், பத்து நிமிடம் நிழலில் விட்டால் கூடும். எல்லாம் சாதகமாக இருந்தும் எப்போதும் 20 ஐத் தாண்டவில்லை என்றால் பற்றரியைக் குளிராக்கும் அமைப்பைச் சந்தேகியுங்கள், அது கம்பனி வேலை.

வாயே பொருந்தவில்லையா? ஜப்பானிலிருந்து வந்ததற்குச் சாடெமோ வாய், சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்ததற்கு ஜிபி/டி வாய், ஐரோப்பிய வகைக்குச் சிசிஎஸ் 2. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய விஷயம் இது. வேக சார்ஜுக்கு மலிவு அடப்டர் தேடிப் போக வேண்டாம்.

## அறிகுறி: காலையில் வாகனம் உயிரே இல்லாமல் கிடக்கிறது

பெரிய பற்றரியில் 70 சதவீதம் இருக்கும், ஆனால் கதவு கூடத் திறக்காது. பதற வேண்டாம், இது 12 வோல்ட் சின்னப் பற்றரி. அது இறந்தால் பெரியது எழும்பாது.

ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியை இழுத்துக் கதவைத் திறவுங்கள். கைநூலில் உள்ளபடி வேறு 12 வோல்ட் பற்றரியால் உயிரூட்டலாம். எழும்பினால் காரணத்தைத் தேடுங்கள்: பெட்டி விளக்கு அணையாமல் இருந்ததா, வாங்கிய பிறகு பூட்டிய டாஷ் கெமரா நேரடியாகப் பற்றரியில் இணைத்திருக்கிறதா, முனைகளில் உப்புப் பூத்திருக்கிறதா. கதிர்காமத்துக்கோ உம்ராவுக்கோ போய் வாரக்கணக்கில் நிறுத்திவைத்ததாலும் இருக்கலாம். மாற்ற வேண்டி வந்தால் எந்த வகை என்று பாருங்கள், சில வாகனங்களில் இந்தச் சின்னப் பற்றரியும் லித்தியம். அந்த இடத்தில் சாதாரண ஈயப் பற்றரியை வைத்தால் வேறு கோளாறுகள் தொடங்கும்.

உங்கள் மின்சார வாகனத்திலிருந்து வயர் கொடுத்து அடுத்தவரின் உழவு இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ண விட வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டர் இழுக்கும் கரண்டைக் கொடுக்க அந்த அமைப்புச் செய்யப்படவில்லை.

சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். அறுவடை முடிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். பொனற்றைத் திறந்து எச்சமும் கடித்த வயரும் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கடிபட்டது செம்மஞ்சள் கேபிள் என்றால் மூடிவிட்டுக் கம்பனிக்குச் சொல்லுங்கள்.

## அறிகுறி: பிறேக்கில் கரகரப்பு, அல்லது கால் எடுத்தும் வேகம் குறையவில்லை

மின்சார வாகனத்தில் மோட்டரே வேகத்தைக் குறைப்பதால் பிறேக் தட்டுக்கு வேலை குறைவு. கடற்காற்றில் ஓரிரவில் துரு படியும். ஆளில்லாத நேர்வீதியில் நாலைந்து தடவை அழுத்தமாகப் பிடித்தால் தேய்ந்துவிடும். அதற்குப் பிறகும் சத்தம் தொடர்ந்தால் கராஜில் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்பில் காலிப்பர் பின் இறுகியிருக்கும்.

கால் எடுத்தும் வாகனம் வழுக்கிப் போகிறதென்றால் பற்றரி நிறைந்திருக்கிறது, திரும்பி வரும் கரண்டை வைக்க இடமில்லை. மலையில் தங்கும்போது 100 வரை ஏற்றி இறங்க வேண்டாம், 80 இல் நிறுத்துங்கள்.

## அறிகுறி: ஏசி குளிர் குறைவு

ஏசிக் காற்று வடிகட்டியில் (கபின் ஃபில்டர்) தூசு அடைத்திருப்பதுதான் முதல் காரணம், இங்கத்தைய மணலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதாது. அதை மாற்றியும் சரிவரவில்லை என்றால் காஸ் குறைந்திருக்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். சாதாரண கார் ஏசிக் கம்பிரசருக்குப் போடும் பிஏஜி எண்ணெய் கரண்டைக் கடத்தும். மின்சாரக் கம்பிரசரில் சுருள் அந்த எண்ணெயோடு சேர்ந்தே இருக்கிறது, அதற்குக் கரண்ட் கடத்தாத பிஓஇ எண்ணெய் வேண்டும். மற்ற வாகனங்களுக்குப் பாவித்த அதே இயந்திரத்தால் காஸ் அடித்தால் குழாயில் மிஞ்சிய கொஞ்ச எண்ணெயே காப்பைக் கெடுத்துவிடும். சில நாளில் சிவப்பு எச்சரிக்கை வரும், கம்பிரசரும் குழாய்களும் மாற்ற வேண்டிவரும். பிஓஇ எண்ணெய்க்குத் தனி இயந்திரம் வைத்திருக்கிறாரா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் கொடுங்கள்.

சார்ஜ் போட்டபோது பொனற்றுக்குள் மின்விசிறி இரைவது கோளாறு இல்லை, பற்றரியைக் குளிராக்குகிறது.

## அறிகுறி: அடியில் இடித்தது, வெள்ளத்தில் இறங்கியது

பற்றரி தரைக்கு அடியில்தான் இருக்கிறது. அட்டோ 3 அளவுள்ள வாகனத்தில் தரைக்கும் அடிக்கும் இடைவெளி 175 மில்லிமீற்றர், அதுவும் ஆள் ஏறாதபோது. வயல் வீதியின் வரம்பிலோ உயர்ந்த வேகத்தடையிலோ பலமாக இடித்தால் போன் கெமராவை அடியில் நீட்டிப் படம் எடுங்கள். கீறல் மட்டும் என்றால் பரவாயில்லை. தகடு உள்வாங்கியிருந்தால், ஏதாவது ஒழுகினால், சார்ஜ் போடாமல் கம்பனிக்கு ஏற்றி அனுப்புங்கள்.

ஐபி 67 என்று தாளில் இருப்பதைக் காட்டி வெள்ளத்தில் இறக்குகிறார்கள். பற்றரிப் பெட்டியை ஒரு மீற்றர் நன்னீரில் அரை மணித்தியாலம் அமிழ்த்திச் செய்த சோதனை அது. வாகனம் ஓடக்கூடிய ஆழம் வேறு, கைநூலில் தனியாக இருக்கும். ஓடும் வெள்ளத்துக்கு இந்த எண் எதுவும் காப்பு இல்லை. 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரமே பிள்ளைகளோடு அடித்துச் செல்லப்பட்டது. ஜீப்பைவிட உயரமான சக்கரம் அதற்கு. வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் திரும்பி வாருங்கள்.

நிறுத்திவைத்த இடத்தில் வெள்ளம் கதவு வரை வந்துவிட்டதென்றால் வடிந்த பிறகும் ஸ்டார்ட் பண்ணவோ சார்ஜ் போடவோ கூடாது. வாவித் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அது உள்ளே போய்க் காய்ந்து பல நாள் கழித்தும் தீப்பிடிக்க வைக்கலாம். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளித் திறந்த இடத்தில், தள்ளி நகர்த்த முடியாவிட்டால் இருக்கும் இடத்திலேயே விட்டு, சோதிக்க ஆள் வரச் சொல்லுங்கள்.

## அறிகுறி: சிவப்பு எச்சரிக்கை

மஞ்சள் என்றால் வீடு வரை போகலாம். ஆமைப் படம் வந்தால் சக்தியைக் குறைத்துவிட்டது, ஓரமாக மெதுவாகப் போய்ச் சார்ஜ் போடுங்கள். சிவப்பில் மின் அமைப்பையோ காப்பையோ குறிக்கும் எழுத்து வந்தால் நிறுத்தி எல்லாரும் இறங்க வேண்டும். புகை, இனிப்பான இரசாயன வாடை, அடியிலிருந்து வெடிக்கும் சத்தம் கேட்டால் வாகனத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போய்த் தீயணைப்புக்குச் சொல்லுங்கள், சாமான் எடுக்கத் திரும்ப வேண்டாம்.

போனில் கம்பனியிடம் சொல்வதற்கு முன் திரையைப் படம் எடுங்கள், எழுத்து மறைந்துவிடும். சதவீதம், கடைசியாக எங்கே ஏற்றியது, மழையா வெயிலா, அண்மையில் யாராவது ஏசியையோ வயரையோ தொட்டார்களா, இவ்வளவும் சொன்னால் சரியான கருவியோடு ஆள் வருவார். ஏற்றிச் செல்ல வாகனம் அனுப்பும்போது நாலு சக்கரமும் மேலே ஏறும் தட்டுலொறியே வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கயிறு கட்டி இழுத்தால் சக்கரத்தோடு மோட்டரும் சுற்றும், அது கரண்ட் உற்பத்தி செய்து இருக்கிற கோளாறோடு இன்னொன்றையும் சேர்த்துவிடும்.